மலரக்கா சிங்களத்தில் எழுதிய கடிதம்

தை மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை காலை, கடற்கரையோரத்தில் இருக்கும் எங்கள் ஐதரசன் நிலையத்தில் நீர்த்தொட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது நிலானியின் அழைப்பு வந்தது. நிலானி மலரக்காவின் ஒரே மகள், நெல்லியடியில் ஆசிரியை. "அண்ணை, அம்மா எங்களை விட்டிட்டுப் போட்டா" என்றாள். நான் எதுவும் கேட்பதற்கு முன்னரே, "ஒரு கஷ்டமும் படேல்லை. விடிய எழும்பித் தேத்தண்ணி குடிச்சவ. பேப்பர் பாத்துக்கொண்டு கதிரையிலை இருந்தபடியே போட்டா" என்றும் சொன்னாள்.

இரண்டு வருடங்களாக அவருடைய இருதயம் பலவீனமாக இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மாதக்கணக்கில் கிடக்க வேண்டி வருமோ என்பதுதான் அவருடைய ஒரே பயம். அது நடக்கவில்லை. தொட்டியின் சுவரில் சாய்ந்து நின்று ஒரு நீண்ட மூச்சு விட்டேன். கண்ணீர் அதற்குப் பிறகுதான் வந்தது.

வடமராட்சியில் ஏதாவதொரு வழக்குக்காக நீதிமன்றப் படி ஏறியவர்களுக்குத் திருமதி இராசமலர் சபாநாயகத்தின் குரல் தெரிந்திருக்கும். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் சாட்சிகளுக்கும் சட்டத்தரணிகளுக்கும் நீதவான்களுக்கும் நடுவில் நின்று முப்பது வருடங்களுக்கு மேலாக மொழிபெயர்த்தவர். காணிச் சண்டைக்காரர் ஒருவர் எதிராளியைத் தூஷணத்தால் திட்டினால், அதையும் முகம் மாறாமல் ஆங்கிலத்தில் சொல்லிவிடுவார் என்று பழைய சட்டத்தரணிகள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். அந்த மலரக்காவை நான் அறியேன். ஓய்வுபெற்ற பிறகு எங்களோடு வேலை செய்ய வந்தவரைத்தான் எனக்குத் தெரியும். அந்தக் காலத்தைப் பற்றி எழுத வேண்டியவன் நான்தான்.

எங்கள் திட்டத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். காற்றும் வெயிலும் தரும் மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஐதரசன் எடுப்பது, புகையில்லாத எரிபொருளாக அதைப் பயன்படுத்துவது, அதை இந்த நாட்டில் பழகிக்கொள்ள வடக்கில் ஒரு சிறிய நிலையம் அமைப்பது. வட ஐரோப்பிய நாடொன்று இயந்திரங்களைத் தருவதாக ஒப்புக்கொண்டது. இந்தியப் பொறியியலாளர்கள் எங்கள் ஆட்களுக்குப் பயிற்சி தருவதாக ஏற்பாடு. காணியும் தண்ணீரும் ஆட்களும் எங்கள் பொறுப்பு. நான் உள்ளூர் இணைப்பாளர். கொழும்பில் பதினைந்து வருடம் மின்பொறியியலாளனாக இருந்துவிட்டு, இந்த வேலைக்கென்றே ஊர் திரும்பியிருந்தேன்.

மொழிபெயர்ப்பாளர் தேவை என்று தேடியபோது மலரக்கா வந்தார். ஐரோப்பியக் குழுவின் தலைவர் ஹென்ரிக் அவரிடம் அனுபவத்தைப் பற்றிக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்ன பிறகு, மலரக்கா தன்னிடமும் ஒரு கேள்வி இருக்கிறது என்றார். "சனம் உங்களைத் திட்டிப் பேசினால், அதையும் நான் சொல்ல வேணுமோ, விட வேணுமோ?" ஆங்கிலத்தில்தான் கேட்டார், எனக்காக அதைத் தமிழிலும் ஒருமுறை சொன்னார். ஹென்ரிக் சிரித்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொல்லலாம் என்றார். "அப்ப சரி" என்று மலரக்கா கைப்பையை மேசையில் வைத்தார். அன்றைக்கே வேலை தொடங்கிவிட்டது.

அவர் தமிழிலிருந்து தமிழுக்கும் மொழிபெயர்க்க வேண்டி வந்தது. முதன்முறையாகக் காணி பார்க்க வந்த கோயம்புத்தூர்ப் பொறியியலாளருக்கு எங்கள் சாரதி தொலைபேசியில், "அவசரமில்லை ஐயா, ஆறுதலா வாங்கோ" என்று சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் குளிக்காமல் கொள்ளாமல் ஓடி வந்து, வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு, "யாருக்கு சார் என்ன ஆச்சு?" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மலரக்காதான் உள்ளேயிருந்து எழும்பி வந்தார். "ஒருத்தரும் சாகேல்லை. இஞ்சை ஆறுதலா எண்டால் மெதுவா எண்டு கருத்து. முதல்லை இருந்து தேத்தண்ணி குடியுங்கோ." பின்னாளில் இயந்திர அறையின் எச்சரிக்கைப் பலகைகளை அவரும் அந்தப் பொறியியலாளரும் சேர்ந்துதான் எழுதினார்கள். இரு கரைத் தமிழருக்கும் ஒரே கருத்தைத் தராத சொல் ஒன்றுகூட அவற்றில் இருக்கக் கூடாது என்று மலரக்கா பிடிவாதமாக நின்றார். அமுக்கம் ஏறிய வாயுவுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்பவர்கள் இன்று அந்தப் பலகைகளைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

இனிச் சொல்லப்போவது எனக்குச் சுலபமான விஷயம் அல்ல.

முதல் வரைபடத்தின்படி, நிலையத்துக்கு வேண்டிய தண்ணீரைக் கடற்கரையிலிருந்து சற்று உள்ளே, வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவில், குழாய்க்கிணறுகள் அடித்து எடுப்பதாக இருந்தது. எங்கள் நிலத்தடி நீரைப் பற்றி இங்குள்ளவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கும் மெல்லிய நன்னீர்ப் படலம் அது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே இருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். அப்படி ஒன்றும் நடக்காது என்று ஆய்வு அறிக்கை சொன்னது. அறிக்கையை நானும் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

கிராமத்துச் சனசமூக நிலையத்தில் கூட்டம் வைத்தோம். மண்டபம் நிறைந்து முற்றத்திலும் ஆட்கள் நின்றார்கள். விவசாயிகளின் கமக்கார அமைப்புத் தலைவர் வல்லிபுரம் அண்ணை முன் வரிசையில் இருந்தார். "எங்கடை கிணறு சவராகாது எண்டு எழுதித் தருவியளோ?" என்று கேட்டார். சவர் என்றால் உப்புக் கலந்த தண்ணீர். மலரக்கா கேள்வியை மொழிபெயர்த்தார். ஹென்ரிக் பக்கத்திலிருந்த நீரியல் நிபுணரிடம் திரும்பி ஏதோ கேட்டார். நிபுணர் தாழ்ந்த குரலில், மாரி முடிந்த கையோடு எடுத்த அளவுகள்தான் தங்களிடம் இருக்கின்றன, கோடையில் என்ன ஆகும் என்று தனக்குத் தெரியாது என்றார். அது அவர்கள் இருவருக்கும் இடையிலான பேச்சு. ஆனால் ஒலிவாங்கி அவர்கள் முன்னால்தான் இருந்தது.

மலரக்கா எழுந்தார். எந்தக் குரலில் அன்று வணக்கம் சொன்னாரோ அதே குரலில், "மாரிக்குப் பிறகு பாத்த கணக்குத்தான் இவையளிட்டைக் கிடக்காம். கோடையிலை என்ன நடக்கும் எண்டு தனக்குத் தெரியாது எண்டு இவர் சொல்லுறார்" என்றார்.

அதன் பிறகு கூட்டம் நடக்கவில்லை. கதிரைகள் சரிந்தன, ஆட்கள் கத்தினார்கள், நாங்கள் எங்கள் வான் வண்டியில் ஏறித் திரும்பினோம்.

வானுக்குள் நான் அவரிடம் சத்தம் போட்டேன். "அது அவை தங்களுக்குள்ளை கதைச்சது அக்கா! அதை ஏன் சொன்னனீங்கள்?"

"மைக்கிலை கதைச்சது தம்பி. அங்கை இருந்த எல்லாற்றை காதிலையும் விழுந்தது. விளங்கேல்லை, அவ்வளவுதான். விளங்கப்படுத்தத்தானே என்னைக் கூட்டிக்கொண்டு போனனீங்கள்?"

"திட்டம் நிண்டுபோனால்?"

"அதுக்கு நீங்கள்தான் பதில் தேட வேணும். அது என்ரை வேலை இல்லை."

மறுநாள், மொழிபெயர்ப்பாளரை மாற்ற வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். தன் கடமையின் எல்லையை உணராதவர், இரகசியம் பேணத் தெரியாதவர், திட்டத்துக்குப் பாதகமாக நடப்பவர் என்றெல்லாம் அதில் இருந்தது. ஹென்ரிக் இரண்டு முறை வாசித்தார். பிறகு கையொப்பமிட்டார். கடிதம் கொழும்புக்குப் போனது. பத்து நாளில் மலரக்காவின் மேசை வெறுமையாயிற்று. போகும்போது என்னிடம், "வாறன் தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கொழும்பிலிருந்து புதிய மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வந்தார். நல்ல பிள்ளை, நான் சொன்னபடி நடந்தார். இரண்டாவது கூட்டம் அமைதியாக நடந்தது. நாங்கள் சொல்லச் சொல்ல வல்லிபுரம் அண்ணை, "ஓம்… ஓம்…" என்று தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "கிராம மக்கள் இணங்கினர்" என்று கூட்ட அறிக்கையில் எழுதப்பட்டது. அது எந்த ஓம் என்று எனக்குத் தெரியாமலில்லை. நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். ஒருவர் கதைக்கும்போது நாங்கள் போடும் ஓம், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கான ஓம். அந்த அறிக்கையை வாசித்தேன், பேசாமல் இருந்துவிட்டேன்.

வைகாசியில் குழாய்க்கிணறு அடிக்கும் இயந்திரம் வந்தபோது, ஊர்ச் சனம் ஒழுங்கையை மறித்துக் குந்தியிருந்தது. பெண்கள் முன்னால் இருந்தார்கள். நான் இறங்கிப் போய், "அண்ணை, நீங்கள் கூட்டத்திலை ஓம் எண்டு சொன்னனீங்கள்" என்றேன்.

வல்லிபுரம் அண்ணை கோபப்படவில்லை. "கேட்டதுக்கு ஓம் எண்டன் தம்பி. தண்ணி தாறதுக்கு ஓம் எண்டனோ? உமக்கு உந்த வித்தியாசம் தெரியாதோ?" என்றார்.

இயந்திரம் திரும்பிப் போயிற்று. ஐரோப்பாவிலிருந்து, திட்டத்தைக் கைவிடலாமா என்று கேட்டு மின்னஞ்சல்கள் வரத் தொடங்கின. ஒப்புக்கொண்டவர்கள் ஏன் மறிக்கிறார்கள் என்று ஹென்ரிக் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். நான் மழுப்பினேன். ஒருநாள் அவர் தனியாக ஒரு ஆட்டோ பிடித்து நெல்லியடிக்குப் போய்விட்டார். திரும்பி வரும்போது மலரக்கா கூடவே வந்தார்.

அவர் என்னைப் பார்த்து முன்போலவே சிரித்தார். ஹென்ரிக் எங்களை இருத்திவைத்து, தான் அன்று படித்ததைச் சொன்னார்: யாழ்ப்பாணத்தில் இரண்டு ஓம் இருக்கிறதாம்; ஒன்றை மற்றதென்று நினைத்துக் கிணறு வெட்டப் போனோமாம். மலரக்கா திரும்பி வர இரண்டு நிபந்தனைகள் வைத்திருந்தார். கையொப்பமிடும் ஒவ்வொரு தாளையும் முதலில் ஊர் முன்னால் தமிழில் வாசிக்க வேண்டும். ஒரு முழுக் கோடை தண்ணீரை அளந்து பார்க்க வேண்டும். "வடிவா அளந்து பாருங்கோ. பிழையில்லை எண்டு கண்டால் சனம் தானே தரும்" என்றாராம்.

ஊரின் சம்மதத்தோடு ஒரேயொரு சோதனைக் கிணறு அடித்தோம். திட்டமிட்ட அளவில் தண்ணீரை இறைத்துக்கொண்டு, சுற்றியிருந்த தோட்டக் கிணறுகளை வாராவாரம் அளந்தோம். ஆனியும் ஆடியும் ஒன்றுமில்லாமல் கழிந்தன. எனக்கு உள்ளூரச் சந்தோஷம். மலரக்காவே பிழை என்று ஆகப்போகிறது என்று நினைத்தேன். ஆவணி நடுவில் ஒரு காலை, வல்லிபுரம் அண்ணையின் கிணற்றில் கருவியை இறக்கிய நிபுணர், மேலே எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடியும் இறக்கினார். வல்லிபுரம் அண்ணை வாளியில் ஒரு கை அள்ளி வாயில் வைத்துவிட்டுத் துப்பினார்.

"சவர்" என்றார்.

மலரக்கா அதை மொழிபெயர்க்க வாயெடுத்தார். நிபுணர் வேண்டாம் என்று தலையசைத்தார்.

நான் கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டேன். ஒரேயொரு சோதனைக் கிணறு, ஒரு கோடை. வைகாசியில் அந்தச் சனம் எழும்பி வழி விட்டிருந்தால், வரிசையாக எத்தனை கிணறுகள் ஓடிக்கொண்டிருக்கும், எத்தனை தோட்டங்கள் போயிருக்கும் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். அன்றே இறைப்பதை நிறுத்தினோம். மாரி பெய்தது. மார்கழியில் அதே கிணற்றில் வல்லிபுரம் அண்ணை ஒரு செம்பு தண்ணீர் அள்ளி எனக்குத் தந்தார். முழுவதையும் குடித்தேன். நல்ல தண்ணீர்.

அதற்குப் பிறகுதான் கடல்நீரை எடுத்துச் சுத்திகரித்துப் பயன்படுத்தும் யோசனை வந்தது. அதற்குப் புதிய இயந்திரங்கள் வேண்டும், மூன்று நாடுகளும் ஒப்பந்தத்தை மறுபடி எழுத வேண்டும். யாழ்ப்பாணத்தில் நான்கு நாள் பேச்சுவார்த்தை நடந்தது. மிஞ்சும் உப்புநீரை எங்கே விடுவது என்பதில் பருத்தித்துறை மீனவர்கள் பொல்லாத கேள்விகள் கேட்டார்கள். நீரோட்டம் எந்த மாதத்தில் எந்தப் பக்கம் இழுக்கும் என்று அவர்கள் சொன்னதை, மலரக்கா அந்தரப்படாமல், நிதானமாக, ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். குழாய் இன்னும் வெளியே, அவர்கள் காட்டிய இடம்வரை போயிற்று. இன்று அந்த நிலையத்தின் ஐதரசனில் கிடைக்கும் மின்சாரத்தால் மீனவர்களின் ஐஸ் ஆலை ஓடுகிறது. பெரிய சாதனை என்று சொல்லமாட்டேன். ஒரு தொடக்கம். ஆனால் ஒரு கிணறும் கெடாமல் தொடங்கிய தொடக்கம்.

இவ்வளவு நடந்தும், அந்தக் கடிதத்தைப் பற்றி நான் மலரக்காவிடம் வாய் திறக்கவில்லை. தன்னை நீக்கச் சொன்னது கொழும்பு என்றுதான் அவர் நினைத்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கடந்த ஐப்பசியில் அவருக்கு உடம்பு மோசமாகிவிட்டது என்று நிலானி சொன்னபோது, இனியும் தள்ளிப்போட முடியாது என்று தெரிந்தது. மழைக்குள் மோட்டார் சைக்கிளில் நெல்லியடிக்குப் போனேன். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தார். நனைந்த சட்டையோடு நின்றபடியே, "அக்கா, உங்களை நிப்பாட்டச் சொல்லிக் கடிதம் எழுதினது நான்" என்றேன்.

"தெரியும், இரும்" என்றார்.

"ஹென்ரிக் சொன்னவரோ?"

"அவன் தான் கையெழுத்து வைச்சதெண்டு சொன்னான். உம்மடை பேரைச் சொல்லேல்லை. எனக்கு அதுக்கு முந்தியே தெரியும். கொழும்புக்குப் போற கடிதம் எல்லாத்தையும் அமைச்சுக்குச் சிங்களத்திலை எழுதிக் குடுக்கிறது ஆர்?"

எனக்கு உடனே பிடிபடவில்லை. பிடிபட்டபோது கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். அவரை நீக்கச் சொல்லி நான் எழுதிய கடிதம், வழக்கமான கடிதங்களோடு சேர்ந்து அவருடைய மேசைக்கே போயிருக்கிறது. அவர் அதைச் சிங்களத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

"எல்லாத்தையும் அப்பிடியே எழுதினீங்களோ அக்கா?"

"அப்பிடியேதான். அந்தமுறை கந்தோரை விட்டுப் போக முந்தி நான் செய்த கடைசி வேலை அதுதான். ஒரு இடத்திலை மட்டும் யோசிச்சனான்." அவர் கண்கள் சிரித்தன. "என்ரை பேரைச் செல்வமலர் எண்டு எழுதியிருந்தீர். நான் திருத்தேல்லை. உம்மடை பிழையோடைதான் போட்டன். செல்வமலர் எண்டு ஒருத்தியும் இஞ்சை இல்லை எண்டு சொல்லிப்போட்டு நான் அங்கையே இருந்திருக்கலாம், என்ன?"

அவர் சிரித்தார். இருமல் வந்தது, இருமிக்கொண்டும் சிரித்தார். நிலானி என்னவோ ஏதோ என்று குசினியிலிருந்து ஓடி வந்தாள். நானும் சிரித்துக்கொண்டிருந்தேன்; கண்ணால் தண்ணீர் ஓடியது. இரண்டு வருடமாக நெஞ்சில் வைத்துக்கொண்டு திரிந்த பாரம் அந்த அறையிலேயே இறங்கிவிட்டது. "கோபம் வரேல்லையோ?" என்று கேட்டேன். "வந்தது. உம்மடை இங்கிலீசிலை வந்தது. கையெழுத்து அவன்ரை எண்டாலும் எழுதினது நீர் எண்டு அதிலைதான் பிடிச்சனான். சின்னக் குற்றத்துக்கு எவ்வளவு பெரிய சொல்லுகள்" என்றார்.

இறுதிக் கிரியைகள் ஞாயிற்றுக்கிழமை நடந்தன. முற்றத்துப் பந்தலில், தகனத்துக்குக் கொண்டுபோவதற்கு முன் சிலர் பேசினார்கள். ஹென்ரிக் தன் நாட்டிலிருந்து ஓர் அஞ்சலிச் செய்தி அனுப்பியிருந்தார். நிலானி தொலைபேசியை என்னிடம் தந்து, "அண்ணை, தமிழிலை வாசியுங்கோ" என்றாள். முன்கூட்டிப் பார்க்க நேரமிருக்கவில்லை. வரி வரியாகச் சொல்லிக்கொண்டு போனேன். அவருடைய பொறுமை, அவருடைய தேநீர், அவர் காப்பாற்றிய கிணறுகள். பிறகு இந்த வரி வந்தது: "உண்மையைச் சொன்னதற்காக அவரை வேலையிலிருந்து நீக்கியவன் நான். அதற்குப் பிறகும் அவர் தன் வீட்டு மேசையில் என்னை எதிரில் இருத்தி, எனக்கு உங்கள் மொழியைக் கற்றுத் தந்தார்."

வல்லிபுரம் அண்ணை பந்தல் காலோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வரியை விட்டுவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. அப்படியே சொல்லிவிட்டு நிறுத்தினாலும் பழி முழுவதும் தூரத்தில் இருக்கும் ஒரு வெள்ளைக்காரரோடு போய்விடும். வரியை எழுதியிருந்தபடியே சொன்னேன். செய்தியைக் கடைசிவரை வாசித்து முடித்தேன். தொலைபேசியை நிலானியிடம் கொடுத்தேன்.

"இதுவரைக்கும் ஹென்ரிக் சொன்னது" என்றேன். "இனி நான் சொல்லுறது. அக்காவை நீக்கச் சொல்லிக் கடிதம் எழுதினது நான். அவர் கையெழுத்துத்தான் வைச்சவர்."

வல்லிபுரம் அண்ணை என்னைப் பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்த கதிரையைத் தன் காலால் என் பக்கம் தள்ளிவிட்டு, "சரி, வந்து இரும் தம்பி" என்றார்.

மலரக்காவை அறிந்த உங்களுக்கு அவரிடமிருந்து ஆளுக்கொன்று கிடைத்திருக்கும். எனக்குக் கிடைத்தது, அடுத்தவர் சொல்லை அவருடையதாகவும் என் பிழையை என்னுடையதாகவும் சொல்லி முடிக்கும் துணிவு. காலம் பிந்திக் கிடைத்தது. அவர் இருக்கும்போது ஒரு முறையும், அவரை வழியனுப்பிய அன்று ஒரு முறையும் பயன்பட்டது. அன்று மயானத்திலிருந்து திரும்பி, குளித்து, வயிறாரச் சாப்பிட்டேன்.